பொட்டு வைத்த கணினி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆயுத பூஜை அன்று தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சி தப்பாது. மானிட்டரின் நெற்றியில் மூன்று விபூதிப் பட்டை, நடுவே சந்தனம், அதன்மேல் குங்குமம். கீபோர்டின் மீது ஒரு கொத்துச் சாமந்தி. சிபியூவின் தலையில் வாழைப்பழம், அதில் செருகிய ஊதுபத்தி. கற்பூரம் காட்டி, பொரிகடலையைப் பங்கு பிரித்துக்கொண்டு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் ஸ்பேஸ் பார் இறங்க மறுக்கும். விபூதி உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். ஊதுபத்திச் சாம்பலோ மேல்பக்கத் துவாரம் வழியே ஃபேன் வரைக்கும் இறங்கியிருக்கும்.

பக்தியைக் குறை சொல்வதற்கில்லை. ஆண்டு முழுக்கத் தொடாத இயந்திரத்தை அன்று ஒருநாளாவது துடைத்து வைக்கிறார்களே, அது நல்ல வழக்கம்தான். சிக்கல் வேறு. நம் ஊரில் பண்டிகைகள் வரிசை கட்டும் காலமும் கணினிக்குக் கண்டமான காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஆயுத பூஜையில் தொடங்கி தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று நீளும் இந்த வரிசையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது. இடி, ஈரம், மின்வெட்டு, பட்டாசுப் புகை, பூட்டிக் கிடக்கும் வீடு, கவனிக்க ஆளில்லாத அலுவலகம் எல்லாம் ஒரே நேரத்தில். மனிதர்கள் ஓய்வெடுக்கும் இந்த நாட்களில்தான் இயந்திரத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. பரிசு வாங்குகிறவர்களும் இதை மனத்தில் வைத்து வாங்கினால் பாதிப் பணம் மிச்சமாகும். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் துடைக்கும் வேலை. கணினியை ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, அதன்பின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டை பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிக்கொண்டு போய்த் திறப்பது உத்தமம். வீட்டுக்குள் திறந்தால் இயந்திரத்தின் தூசி சோபாவுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. ஊதுகிற வேகத்தில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் தேய்ந்து, பிறகு ஆண்டு முழுக்கக் கரகரவென்று சத்தம் போடும். வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரை மதர்போர்டு பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதன் பிளாஸ்டிக் மூக்கில் சேரும் நிலைமின்சாரம் ஒரு சிப்பைச் சத்தமில்லாமல் சாகடிக்கப் போதும்.

திரைக்கு மைக்ரோஃபைபர் துணி, தேவைப்பட்டால் லேசாக நனைத்து. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் வேண்டாம். அது திரையின் மேற்பூச்சைத் தின்றுவிடும். எதைத் தெளித்தாலும் துணியில் தெளிக்க வேண்டுமே தவிர, திரையில் அல்ல. கீபோர்டின் பிசுக்குக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நன்றாக வேலை செய்யும்.

கேபினட்டைத் திறந்த கையோடு அதன் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எப்போதோ கழற்றிய ஏதோ ஒரு கார்டின் இடம் தகடு மூடாமல் திறந்தே கிடக்கும். மழைக்காலத்தில் கதகதப்பான இடம் தேடும் பல்லிக்கு அதுதான் தலைவாசல். ஒரு பல்லி சர்க்யூட்டில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்துப் படுத்துவிட்டால் அதன் உயிரோடு போர்டின் உயிரும் போகும். கணினி பழுதுபார்ப்பவரிடம் கேட்டால் பல்லிக் கதை, எறும்புக் கதை, வயரைக் கடித்த எலிக் கதை என்று வரிசையாக வரும். அந்தத் தகடு எந்தக் கணினிக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது.

அடுத்து இடி. ஊருக்குக் கிளம்பும்போது சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். மின்னலுக்கு சுவிட்ச் ஒரு தடையே அல்ல. பிளக்கைப் பிடுங்கிப் போட வேண்டும். மறந்துபோகிற இன்னொரு வாசலும் இருக்கிறது. பிராட்பேண்ட் கேபிள். கம்பத்திலிருந்து மாடிக்கு மாடி தாவி வரும் செப்புக் கம்பியில் இடி இறங்கினால் அது ரவுட்டரை எரித்து, லேன் வயர் வழியே கணினியின் மதர்போர்டு வரை வரும். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் அப்போதும் சுவரில்தான் செருகியிருக்கிறது.

ஸ்பைக் பஸ்டர் இருக்கிறதே என்பார்கள். அதற்குள் இருக்கும் முக்கியமான பொருள் வேரிஸ்டர் என்ற சிறு வில்லை. திடீரென ஏறும் மின்னழுத்தத்தை அது தாங்கி எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் திருப்பிவிடும். ஒவ்வொரு முறை தாங்கும்போதும் அது கொஞ்சம் செத்துப்போகிறது. பத்து வருடப் பழைய ஸ்பைக் பஸ்டர் பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிதான். அது ஒழுங்காக வேலை செய்ய எர்த்தும் வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் சுவரில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் கம்பியே இருக்காது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோக உடம்பை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தால் சுரீரென்று ஓர் அதிர்வு தெரிகிறதா? மூன்று முள் சார்ஜரிலும் அப்படித் தெரிந்தால் எர்த் சரியில்லை என்று சந்தேகப்படலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்குப் பண்டிகைக்கு முந்தைய வாரம் சரியான நேரம். பண்டிகை வாரத்தில் அவர் கிடைக்கமாட்டார்.

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். சென்னையை மூழ்கடித்த 2015 வெள்ளம் டிசம்பரில் வந்தது. 2023-இல் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியதும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் தண்ணீரில் நின்றதும் டிசம்பர்தான். சிபியூவையும் யூபிஎஸ்ஸையும் தரையில் வைப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் ஊருக்குப் போகும் முன் அவற்றைக் கட்டில்மேலாவது தூக்கி வைத்துவிட்டுப் போகலாம். நனைந்துவிட்டால், காய்ந்துவிட்டதா என்று ஆன் செய்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் பயனில்லை. ஹார்ட் டிஸ்கில் விலைமதிப்பற்ற படங்கள் இருந்தால் ஆன் செய்யாமல் அப்படியே தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அதைவிட, நகல் எடுத்து வைத்திருந்தால் கவலையே இல்லை. பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 கணக்கு இதற்கு நல்ல வழிகாட்டி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். முதல் இரண்டையும் பலர் செய்கிறார்கள். மூன்றாவதைத்தான் யாரும் செய்வதில்லை. லேப்டாப்பையும் எக்ஸ்டர்னல் டிரைவையும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தால் வெள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேறு இடத்தில் ஒரு பிரதி இருப்பதன் அருமைக்கு ஹாலிவுட்டில் ஒரு கதை உண்டு. 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரே கட்டளையில் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழியத் தொடங்கின. பேக்கப்பைத் தேடினால் அது பல நாட்களாகவே ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியவர் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த கேலின் சஸ்மன். குழந்தை பிறந்ததால் அவர் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்தார். அதற்காக வீட்டுக் கணினியில் படத்தின் பிரதி ஒன்றை வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து, பத்திரமாக ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். பேக்கப் எடுப்பதோடு, எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும் என்பதற்கும் இதுவே உதாரணம். நம் வீட்டு அளவில், அண்ணன் வீட்டில் ஒரு டிரைவ், தங்கை வீட்டில் ஒரு டிரைவ் என்று தீபாவளிக்குத் தீபாவளி மாற்றிக்கொண்டாலே போதும்.

பேட்டரிக்கு வருவோம். லித்தியம் அயன் பேட்டரியை 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மூவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு வாங்கிய பேட்டரிக்கும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெப்பம், மற்றொன்று நூறு சதவீதச் சார்ஜிலேயே நாட்கணக்கில் கிடப்பது. விடுமுறைக்கு லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போகிறவர்கள் பாதிச் சார்ஜில் அணைத்து வைக்க வேண்டும். எப்போதும் பிளக்கிலேயே வைத்து வேலை பார்க்கிறவர்களுக்காக லெனோவா, ஆசஸ் போன்ற நிறுவனங்கள் 80 சதவீதத்துக்கு அருகில் சார்ஜை நிறுத்தும் வசதியைத் தருகின்றன. மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப்பை விடுவது, பேட்டரியின் ஆயுளில் சில மாதங்களைக் கையால் பிய்த்து எறிவதுதான்.

மேசைக் கணினியில் வேறொரு குட்டி பேட்டரி இருக்கிறது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம்போல உட்கார்ந்திருக்கும் 3 வோல்ட் செல். அது தீர்ந்துபோயிருந்தால், பத்து நாள் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்து ஆன் செய்யும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை வரும். வைரஸ் என்று பயந்து விண்டோஸையே மாற்றிப் போட்டவர்கள் உண்டு. அந்த செல்லை மாற்றினால் தீர்ந்தது.

பயணத்தில் பவர் பேங்க் கொண்டுபோகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். விமானத்தில் 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம். அதுவும் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-ஹவர், பிரச்சினை இல்லை. 2025 ஜனவரி 28, கொரியாவில் சந்திரப் புத்தாண்டு விடுமுறை. கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசன் விமானத்தில் தலைக்கு மேலிருந்த சாமான் அறையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 176 பேரும் தப்பினார்கள், விமானம் எரிந்துபோனது. பவர் பேங்க் ஒன்றுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையில் தெரியவந்தது. அதன்பின் பவர் பேங்க்கைக் கண்ணில் படும்படி கையோடு வைத்துக்கொள்ளச் சொல்கின்றன கொரிய விமான நிறுவனங்கள்.

இதுவரை சொன்னது இயற்கையாலும் இயந்திரத்தாலும் வரும் கேடு. மனிதர்களால் வருவதற்கு விடுமுறைதான் முகூர்த்த நாள். 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு, வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் முன்பே புகுந்திருந்த திருடர்கள், அந்த வங்கி நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் வைத்திருந்த கணக்கிலிருந்து 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி 35 ஆணைகளை அனுப்பினார்கள். ஏன் வியாழன் இரவு? வங்கதேசத்தில் வெள்ளி, சனி வார விடுமுறை. டாக்கா விழித்துக்கொள்ளும்போது நியூயார்க்கில் சனி, ஞாயிறு. பணம் போய்ச் சேர வேண்டிய பிலிப்பைன்ஸில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. காலண்டரை வைத்துக்கொண்டு திட்டம் போட்டிருக்கிறார்கள்!

விடுமுறை என்றாலும் வெள்ளிக்கிழமை காலை டாக்காவில் பணிக்கு வந்தவர்கள், பணப் பரிமாற்றங்களைத் தானாக அச்சிடும் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பதைப் பார்த்தார்கள். வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் தப்பியதற்குக் காரணம், திருடர்கள் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்ததுதான். இலக்கணம் தெரியாத திருடர்களால் ஒரு நாட்டின் பணம் பிழைத்தது.

நம் கடைகளுக்கு அவ்வளவு பெரிய திருடர்கள் வரமாட்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் டேலி கணக்கு ஓடும் கணினியை, ஆடிட்டர் தூரத்திலிருந்து பார்க்கட்டும் என்று இணையத்தோடு திறந்து வைத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் கடைக்காரர்கள் எத்தனை பேர்? கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் விடுமுறைகளையும் வார இறுதிகளையும் குறிவைப்பதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2021-இல் தனியாக எச்சரிக்கையே விட்டது. தேவையில்லாத கணினியை அணைத்துவிட்டுப் போவதுதான் எளிய காவல். கிளம்பும் முன் நிலுவையில் உள்ள அப்டேட்டுகளைப் போட்டுவிட வேண்டும். 2017 மே மாதம் உலகையே உலுக்கிய வான்னாகிரை தாக்குதலுக்கு மருந்தாகும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பைத் தொடவே வேண்டாம்; எந்தப் பத்திரிகையையும் செயலியாக நிறுவிப் படிக்க வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் அழைத்தால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

இனி பரிசு. தொழில்நுட்பப் பித்துள்ளவர்களுக்குப் பரிசு வாங்குவது கஷ்டம். அவர்கள் எல்லாவற்றையும் முன்பே வாங்கியிருப்பார்கள், வாங்காததற்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள். கலர் கலராக விளக்கெரியும் மௌஸும் யூஎஸ்பி குட்டி ஃபேனும் தை பிறப்பதற்குள் மேசை டிராயருக்குள் போய்விடும். ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்துக்கு ஆயுள் கூட்டும் பொருளே பரிசுகளில் சிறந்தது.

அந்தக் கணக்கில் முதலிடம் எஸ்எஸ்டிக்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டியை மாற்றினால், டீ போட்டுக் குடித்துவிட்டு வரும் வரை ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் அரை நிமிடத்துக்குள் திறக்கும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குத் தந்த விலையில்லா லேப்டாப்கள் சுமார் 50 லட்சம். அவற்றில் எத்தனையோ இன்று பரண்மேல் கிடக்கின்றன. ஒரு எஸ்எஸ்டி, கூடுதலாக 4 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இவை போதும், ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் படிக்கவும் நிரல் எழுதவும் இயந்திரம் தயார். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, அதை உருவாக்கியது சென்னை சி-டாக் என்பதெல்லாம் பலருக்கு மறந்துபோயிருக்கும்.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி, அந்த ஆண்டுத் தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, முடிந்துபோனது. வீட்டுப் பயனர்களுக்கு அறிவித்த கூடுதல் அவகாசமும் 2026 அக்டோபர் 13 வரைதான். டிபிஎம் 2.0 சிப் இல்லாத கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தை அதற்காகக் குப்பையில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டுத் தருவதும், கூடவே உட்கார்ந்து ஒரு மதியம் சொல்லிக் கொடுப்பதும் காசில்லாமல் தரக்கூடிய பரிசு.

ராம் வாங்கும் முன் அந்த லேப்டாப்பின் மாடல் எண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 நுழையாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது.

பென் டிரைவ், மெமரி கார்டு வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நடைபாதையிலும் பண்டிகைத் தள்ளுபடியிலும் 2 டெராபைட் என்று நம்ப முடியாத விலைக்கு வருவதில் பெரும்பாலானவை போலி. உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கும். கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பைத் திருத்தியிருப்பார்கள். படங்களைப் போட்டால் பெயர்கள் தெரியும், படம் திறக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துக் குட்டை உடைத்துவிடும். கல்யாண ஆல்பத்தை ஏற்றும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பவர் பேங்க், சார்ஜர் என்றால் பிஐஎஸ் பதிவு எண்ணைப் பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம்.

எழுதுகிறவர்களுக்கு நல்ல கீபோர்டைப்போல ஒரு பரிசு இல்லை. வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் கடகடவென்று சத்தம் போடுமே, அந்த டிவிஎஸ் கோல்டு, மெக்கானிக்கல் கீபோர்டு என்ற மோகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் இருந்த மெக்கானிக்கல் கீபோர்டு. இன்று கேமிங் பிள்ளைகள் தேடும் அதே செர்ரி சுவிட்சுகளுக்குப் பேர்போனது. பக்கத்து அறையில் தூங்குகிறவர் சம்மதம் மட்டும் தேவை. அதோடு தமிழ்99 எழுத்து ஒட்டிகளையும் சேர்த்துத் தரலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட இந்த விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ஒரு வாரம் பழகிவிட்டால் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குகிறவர்களைவிடக் குறைந்த தட்டல்களில் எழுதலாம்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு டேப்லெட்டைவிட மைக்ரோபிட் மேல். 2016-இல் பிரிட்டனில் பிபிசி முன்னின்று அந்த வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு இலவசமாகத் தந்த உள்ளங்கை அளவு கணினி அது. அதற்கும் மூத்த பிள்ளைகளுக்கு ராஸ்பெர்ரி பை; 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு அறிமுகமானது, இன்று பல வடிவங்களில் கிடைக்கிறது. மழை வந்தால் மணியடிக்கும் கருவி, செடிக்குத் தண்ணீர் விடும் மோட்டார் என்று ஒரு விடுமுறையையே அது விழுங்கிவிடும். கூடவே சரியான அடாப்டரும் மெமரி கார்டும் வாங்கித் தர வேண்டும். இல்லையென்றால் பண்டிகை நாளில் கடை பூட்டியிருக்க, பிள்ளை பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

புதிதாக வாங்கியவர்கள் பழையதை உறவுக்காரப் பிள்ளைக்கோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகளுக்கோ தருவது பண்டிகைக் காலத்தில் நடப்பதுதான். தரும் முன் சொந்தக் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுமையாக ரீசெட் செய்துவிட வேண்டும். புதிதாக விண்டோஸோ லினக்ஸோ போட்டு, ஒருமுறை ஆன் செய்து பார்த்துத் தருவது மரியாதை. அதைவிட முக்கியமாக, அந்த லேப்டாப்பின் சார்ஜர் பீரோவிலோ கட்டிலுக்கு அடியிலோ எங்கே கிடந்தாலும் தேடி எடுத்து, அதையும் சேர்த்துக் கொடுங்கள்.